வடசென்னை வானில் மாடல் விமானம்: இனி எங்கே, எப்படி

முந்தைய அத்தியாயங்களில் விமானத்தைக் கட்டுவதையும் பறக்கவிடுவதையும் பார்த்தோம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ குடியிருக்கும் ஒருவர் இந்தப் பொழுதுபோக்கை இன்னும் பத்து வருடம் தொடர முடியுமா என்பது இந்த அத்தியாயத்தின் விஷயம். முடியும். கால் கிலோவுக்குள் அடங்கும், கையால் செய்த, மின்மோட்டார் விமானத்துக்கு இந்தப் பகுதியில் நல்ல எதிர்காலம் இருக்கிறது. ஆறடி இறக்கையும் பெட்ரோல் என்ஜினும் கொண்ட விமானத்துக்கு இங்கே இடம் இல்லை. அதை வைத்திருப்பவர் ஊரைவிட்டு வெகுதூரம் போய்த்தான் பறக்கவிட வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பெரிய விமானங்களின் வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டம் சொல்வது

2014 அக்டோபர் 7 அன்று மத்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. விதிகள் வரும்வரை தனியார் யாரும் ஆளில்லா வான்கலங்களைப் பறக்கவிடக் கூடாது என்றது அது. ட்ரோனை மனதில் வைத்து வந்த அறிவிப்புதான். ஆனால் மைதானத்தில் தெர்மாகோல் விமானம் விட்டுக்கொண்டிருந்தவர்களும் அன்றிலிருந்து, நாம் செய்வது சரியா தப்பா என்று தெரியாமல் திரிந்தார்கள். 2018 டிசம்பரில் முதல் விதிமுறை நடைமுறைக்கு வந்தது. 2021 மார்ச்சில் இன்னொன்று வந்தது. அதையும் மாற்றி, அதே வருடம் ஆகஸ்ட் 25 அன்று ட்ரோன் விதிகள் 2021 வெளியானது. இன்று நாம் நிற்பது இந்த விதிகளின் மேல்தான்.

ஆள் ஏறாமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் எதுவும் இந்த விதிகளின் கீழ் வரும். உங்களுடையது நாலு விசிறி வைத்த ட்ரோனா, இறக்கை வைத்த விமானமா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. எடையைத்தான் பார்க்கிறது. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது. படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் இயக்கப்படும் 25 கிலோ வரையிலான வான்கலத்தை ‘மாடல்’ என்று தனியாகவே இந்த விதிகள் குறிப்பிடுகின்றன. அதற்கும் நானோவுக்கும் வகைச் சான்றிதழ் தேவையில்லை. நானோவைப் பறக்கவிடவும், வியாபார நோக்கமில்லாமல் மைக்ரோவைப் பறக்கவிடவும் பைலட் சான்றிதழும் தேவையில்லை. அந்தச் சான்றிதழ் வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவு இந்தச் சிறிய எடைதான். மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்தும் நானோவுக்கு விலக்கு உண்டு. பறப்பதற்கு முன் அரசின் இணையத் தளத்தில் பதிந்து அடையாள எண் பெற வேண்டும் என்பது பொது விதி. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

எடை குறைவென்றால் எங்கும் பறக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பு மண்டலத்தில் 50 கிராம் விமானமும் குற்றம்தான். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வான் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் இருக்கிறது. பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் மஞ்சள். மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் எதுவும் எழும்பக் கூடாது.

தென்சென்னைக்காரருக்கு மீனம்பாக்கம் விமான நிலையம்தான் தலைவலி. ராயபுரத்துக்கு அந்தக் கவலை இல்லை. நேர்கோட்டில் அளந்தாலே 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நமக்கு இருக்கும் கட்டுப்பாடுகள் வேறு. தெற்கே சென்னைத் துறைமுகம், அதை ஒட்டி காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மேற்கே மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்தில் எண்ணூரின் காமராஜர் துறைமுகம், அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளித் துறைமுகம். இன்னும் மேலே போனால் பழவேற்காடு ஏரியில் பறவைகள் சரணாலயம், ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து உங்கள் தெருவில் விரலை வைத்து, அங்கிருந்து நாலு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். பறக்கக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். வரைபடம் நிரந்தரமானது அல்ல. பெரிய தலைவர்கள் வரும்போதும் விழாக்களின்போதும் 96 மணி நேரம் வரை ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்க மாநில அரசுக்கும் காவல்துறைக்கும் அதிகாரம் உண்டு. வருகை, விழா என்றாலே சென்னைக் காவல்துறையின் அறிவிப்பு நாளிதழில் வந்துவிடும். அந்த வாரம் விமானத்தை அலமாரியில் வையுங்கள்.

வரைபடம் பச்சையாகவே காட்டினாலும் சுத்திகரிப்பு ஆலையின் சுற்றுச்சுவர் ஓரமும் துறைமுகக் கன்டெய்னர் கிடங்குகளின் ஓரமும் பறக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தது. இரண்டும் மக்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. ஆலைக்கு மேலே ஏதோ சுற்றுகிறது என்றால் உள்ளே இருப்பவர்களும் பயப்படுவார்கள், வெளியே குடியிருப்பவர்களும் பயப்படுவார்கள். இரண்டு பயத்திலும் நியாயம் இருக்கிறது.

2025 செப்டம்பரில் சிவில் ட்ரோன் சட்ட மசோதாவின் வரைவை மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. தண்டனைகளைக் கடுமையாக்கும் வரைவு அது. நாட்டில் ட்ரோன் தொழில் வளர வளர சட்டமும் இறுகும். அந்த இறுக்கத்தில் பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒரு சிறிய இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். இப்படிக் கருத்துக் கேட்கும் நாட்களில் நாமும் எழுதிப் போட வேண்டும். மாணவர்களின் மாடல் விமானத்தைச் சரக்கு ட்ரோனோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள் என்று நாலு வரி எழுதினால்கூடப் போதும். ட்ரோன் நிறுவனங்கள் தங்களுக்காகப் பேசிக்கொள்ளும். நமக்காக நாம்தான் பேச வேண்டும்.

இடம்

வடசென்னையில் கடற்கரை இருக்கிறதே, அங்கே விடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தடைபட்டு நின்றது. மெரினா அகலமானது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரையைக் கடல் தின்றது. இன்று அங்கே இருப்பது பெரும்பாலும் கருங்கல் தடுப்பும் தூண்டில் வளைவுகளும்தான். மணல் மிச்சமிருக்கும் இடங்களில் வலை காய்கிறது, படகு நிற்கிறது, கருவாடு உலர்கிறது. அது மீனவர்களின் வேலையிடம். விமானம் தரையிறங்க 30 மீட்டர் சமதளம் அங்கே கிடைக்காது. கிடைத்தாலும் பக்கத்திலேயே எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுநரின் கண்ணாடி முன்னால் ஒரு விமானம் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

உயர் அழுத்த மின்கம்பிகள் இன்னொரு எல்லை. அனல்மின் நிலையத்திலிருந்து கிளம்பும் கோபுரங்கள் அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் வயல்களின் மேலேயே போகின்றன. கும்மிடிப்பூண்டி ரயில் பாதையின் மேல்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. கம்பியில் மாட்டிய விமானத்தை எடுக்கப் போகாதீர்கள். குச்சி, கொடிக்கம்பு எதுவும் வேண்டாம். அது போனது போனதுதான். மின்வாரியத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ தகவல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

மிஞ்சுவது மூன்று வகை இடங்கள். ஒன்று, பள்ளி அல்லது கல்லூரி மைதானம், ஞாயிறு காலை, நிர்வாகத்தின் எழுத்து அனுமதியோடு. இரண்டு, பொன்னேரி பக்கம் அறுவடை முடிந்த நெல்வயல், நிலத்துக்காரரின் சம்மதத்தோடு. தை அறுவடைக்குப் பிறகு சில வாரங்கள் தரை காய்ந்து கிடக்கும்; கோபுரக் கம்பி இல்லாத வயலாகப் பார்த்துப் பேசி வையுங்கள். மூன்றாவது இடத்தில்தான் எனக்கு அதிக நம்பிக்கை: கூரைக்குள்.

இறகுப்பந்து அரங்கமோ பள்ளிக் கலையரங்கமோ கல்யாண மண்டபமோ எதுவானாலும் சரி. கூரைக்குள் காற்று இல்லை, பருந்து இல்லை, மழை இல்லை. வெளியே போகாத விமானம் யாரையும் பயமுறுத்தாது. ஐரோப்பாவில் குளிர்காலம் முழுவதும் விளையாட்டு அரங்குகளுக்குள்தான் பறக்கவிடுகிறார்கள். 1905-ல் தொடங்கிய பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு, எஃப்.3.பி. என்ற பெயரில் உள்ளரங்க விமானத்துக்கென்றே போட்டிப் பிரிவு வைத்திருக்கிறது. நூறு கிராம்கூட இல்லாத, ஃபோம் தகட்டாலும் கார்பன் குச்சியாலும் ஆன விமானம் நடக்கும் வேகத்தில் அரங்கத்துக்குள் சுழலும். அங்கே அவர்களைக் குளிர் உள்ளே அனுப்பியது. இங்கே நம்மைக் கடற்காற்றும் சிவப்பு மண்டலமும் அனுப்பும். ஐப்பசியில் அடைமழை பெய்தாலும் பயிற்சி நிற்காது.

அமெரிக்காவில் ட்ரோன்களுக்குத் தொலை அடையாளக் கருவி கட்டாயமான பிறகும், அங்கீகரிக்கப்பட்ட சில மைதானங்களில் அது இல்லாமலே மாடல் விமானம் விடலாம். 1936-ல் தொடங்கிய அங்குள்ள மாடல் விமானச் சங்கம் தன் உறுப்பு மன்றங்களின் மைதானங்களுக்கு அந்த அங்கீகாரத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறது. நம் ஊரிலும் மாவட்டத்துக்கு ஒரு மைதானமாவது இப்படிக் குறித்துக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். கேட்க வேண்டியது மாநிலத்திடம் மட்டும் அல்ல, மத்திய அமைச்சகத்திடமும்தான். கேட்பவர் தனி ஆளாக இருந்தால் காதில் விழாது. மன்றமாக இருக்க வேண்டும்.

காற்று

கோடையில், சித்திரை முதல் ஆனி வரை, காலையில் மேற்கிலிருந்து கரைக்காற்று வீசும். உச்சிப்பொழுதை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழையும். அது நுழையும் நேரம் உங்களுக்கே தெரியும். ஐந்து நிமிடத்தில் வியர்வை காயத் தொடங்கிவிடும். இரண்டு காற்றும் கடலோரத்தில் எதிரெதிர் ஆபத்தைக் கொண்டுவருகின்றன. காலைக் காற்று விமானத்தைக் கடலுக்குள் தள்ளும். போவது உங்கள் பணம். பிற்பகல் காற்று அதை வீடுகளின் பக்கம், சாலையின் பக்கம் தள்ளும். அங்கே ஆபத்து பிறருக்கு. அதனால் கடலை ஒட்டிய மைதானம் எதுவானாலும் காலை எட்டரை மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் இருக்கும், வெளியே விட வேண்டாம். தை, மாசி, பங்குனிக் காலைகள்தான் பொற்காலம். புகைக்கூண்டுகளின் புகை நேராக மேலே எழும்பும் நாள் உங்கள் நாள். காற்றுமானி வாங்காதவருக்கு எண்ணூர் வானமே காற்றுமானி.

பருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசிமேட்டு மீன் கழிவும் கொடுங்கையூர்க் குப்பைமேடும் இருக்கும்வரை இந்த வானத்தில் பருந்துகள் இருக்கும். சில பருந்துகள் ஒதுங்கிப் போகும், சில பாய்ந்து வரும். பருந்து நெருங்கினால் துரத்த வேண்டாம், சாகசம் வேண்டாம். மோட்டாரைக் குறைத்து இறக்கிவிடுங்கள். இது அதன் இடம்.

கால் கிலோவுக்குள் ஒரு விமானம்

ஒரு காலத்தில் மாடல் விமானம் என்றால் என்ஜின்தான். கொல்கத்தாவில் தயாரான அரோரா டீசல் என்ஜின்களை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள், கை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, தெருக் கடைசிவரை கேட்கும் சத்தம். அந்த அனுபவம் அருமையானது. இன்றைய நெருக்கமான குடியிருப்புக்கு நடுவே அது நடக்காது. மின்மோட்டார் வந்ததால்தான் இந்தப் பொழுதுபோக்கு ஊருக்குள் பிழைத்திருக்கிறது.

2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. முழுதாக வந்தாலும் பிரித்துக் கட்டி வந்தாலும் தடைதான். ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லை. பொம்மைகளுக்கான சுங்க வரியும் 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. பெட்டியைத் திறந்து அப்படியே பறக்கவிடும் விமானங்களை இறக்குமதி செய்து வாங்கிப் பழகியவர்களுக்கு இது அடி. கட்டத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பொழுதுபோக்கின் அடுத்த தலைமுறையைக் கட்டத் தெரிந்தவர்களாக ஆக்க இதைவிட நல்ல நெருக்கடி வராது. அதுவும் வடசென்னையில். எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்-பும் என்று லேத்தும் ஃபைலும் பிடித்த கைகளின் வீடுகள் இவை. ஐ.டி.ஐ. படித்த அப்பாவோ சித்தப்பாவோ இல்லாத தெரு இங்கே குறைவு.

எடைக் கணக்கைப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் டெப்ரான் அல்லது அதுபோன்ற மெல்லிய ஃபோம் தகட்டில் 80 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலத்தில் இறக்கை. உடலும் வாலும் அதே தகட்டில். எல்லாம் சேர்ந்து சுமார் 80 கிராம். பிரஷ்லெஸ் மோட்டார் 25. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. 12. ஒன்பது கிராம் சர்வோ மூன்று, ஆக 27. ரிசீவர் 8. 450 எம்.ஏ.ஹெச். இரண்டு செல் லிப்போ பேட்டரி 30. விசிறி 5. பசை, கம்பி, டேப் எல்லாம் 15. கூட்டினால் 202 கிராம். 250-க்குக் கீழே இன்னும் 48 கிராம் கையிருப்பு. அதைக் கேமராவில் செலவழிக்காதீர்கள். விழுந்து ஒட்டி, விழுந்து ஒட்டி, பசையாகவே அந்த எடை ஏறிவிடும். தபால் தராசு மாதிரி ஒரு சமையல் தராசை மேஜையில் வைத்து, ஒட்டும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த அளவு விமானம் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசை இழந்து விழத் தொடங்கும், வேகம் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். சைக்கிளில் போகிறவரின் வேகம் அது. மெதுவாகப் பறப்பதால் தவறைத் திருத்த நேரம் கிடைக்கும். மேலே பட்டாலும் பெரிதாகக் காயம் இராது. ஆனால் சுற்றும் விசிறி விரலைக் கிழிக்கும். பேட்டரியைச் செருகிய நொடியிலிருந்து விசிறிக்கு முன்னால் கை போகக் கூடாது. இந்த மெதுவான வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. 20 கிலோமீட்டர் வேகக் கடற்காற்றில் விமானம் மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும், முழு மோட்டார் கொடுத்தால்தான் அங்குலம் அங்குலமாகத் திரும்பி வரும். பேட்டரி ஆறேழு நிமிடம்தான் தாங்கும். காற்றின் போக்கில் விமானத்தை விட்டுவிட்டால் திரும்பக் கொண்டுவர மின்சாரம் இருக்காது. எப்போதும் காற்று வரும் திசையில் உங்களுக்கு முன்னால் பறக்கவிடுங்கள்.

எடைமையம், மன்றங்களில் சி.ஜி. என்பார்களே அது, இறக்கையின் முன் விளிம்பிலிருந்து நாலரை முதல் ஐந்தரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இறக்கைக்கு அடியில் அந்தக் கோட்டில் இரண்டு விரல்நுனியை வைத்துத் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். வால் கனத்த விமானம் கையைவிட்டு எழும்பியதும் மூக்கை உயர்த்தும், நிற்கும், ஒரு பக்கமாகச் சரிந்து விழும். எலிவேட்டரை எவ்வளவு தள்ளினாலும் கேட்காது. புதியவர் கையில் உடையும் விமானங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவர்களோ ரேடியோவைக் குற்றம் சொல்வார்கள்.

ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். 2.4 முதல் 2.4835 வரையிலான அந்த அலைவரிசைக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. வயர்லெஸ் துறையின் கருவி ஒப்புதல் பெற்றதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு ரேடியோவிலும் ஒரு கிரிஸ்டல் இருக்கும். ஒரே எண்ணுள்ள கிரிஸ்டலோடு இன்னொருவர் தன் ரேடியோவைப் போட்டால் இரண்டில் ஒரு விமானம் விழும். அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் கிடங்குகளும் வைஃபையும் நிறைந்த பகுதியில் தூரச் சோதனை இல்லாமல் பறக்காதீர்கள். ரேடியோவின் சோதனை முறையில் சக்தியைக் குறைத்து, முப்பது தப்படி நடந்து, சர்வோ துடிக்காமல் கேட்கிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்வோவும் மோட்டாரும் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஃபோம், பசை, கார்பன் குச்சி, ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் பாரிமுனையும் மண்ணடியும் போதும். ராயபுரத்திலிருந்து ஒரு பஸ். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்பேக் ஷீட் மலிவு, உறுதி. ஆனால் கனம். அதில் செய்தால் கால் கிலோவைத் தாண்டிவிடும். முதல் விமானத்துக்கு முன்னால் வீட்டுக் கணினியில் சிமுலேட்டரில் பழகுங்கள். பிகாசிம் இலவசம். ரேடியோவை யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைக்கலாம். எதிரே வரும் விமானத்துக்கு இடமும் வலமும் மாறிப்போவது மூளைக்குப் பழக நாளாகும். அதைத் திரையில் பழகிவிட்டால் ஃபோம் மிச்சம்.

உப்புக் காற்று இந்தப் பகுதியின் தனிப் பிரச்சினை. சர்வோவின் பற்சக்கரமும் பேட்டரி இணைப்பின் பித்தளையும் சில மாதத்தில் பச்சை பிடிக்கும். பறந்து வந்ததும் துணியால் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். இந்த 450 எம்.ஏ.ஹெச். லிப்போவை 0.45 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள். முழு சார்ஜ் 8.4 வோல்ட், 7-க்கு வந்தால் தரையிறக்கிவிடுங்கள், பறக்காத வாரத்தில் 7.6-ல் வைத்திருங்கள். உப்பு நீரில் விழுந்த பேட்டரியைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வீங்கியது, நசுங்கியது எதுவானாலும் அப்படித்தான். ஒண்டுக்குடித்தனத்தில், சமையலறைக்குப் பக்கத்தில், தூங்கும் பிள்ளைகளுக்கு அருகில் சார்ஜ் போடவே வேண்டாம். மண்சட்டியில் வைத்து, கண் முன்னால், திறந்த இடத்தில்.

பட்டம் கற்றுத் தந்த பாடம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை மாடிகளில் பட்டம் விடுவது எத்தனையோ தலைமுறையாக இருந்த விளையாட்டு. வானத்தைப் படிக்கவும் காற்றைக் கையில் உணரவும் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்தது அதுதான். மாஞ்சா அதைக் கெடுத்தது. கண்ணாடித் தூள் பூசிய நூல் பைக்கில் போனவர்களின் கழுத்தை அறுத்தது, குழந்தைகள் இறந்தார்கள். சென்னைக் காவல்துறை மாஞ்சா தயாரிப்பையும் விற்பனையையும் பயன்பாட்டையும் தடை செய்தது. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. இன்று மாடியில் பட்டத்தோடு ஒரு பையனைப் பார்த்தாலே அக்கம்பக்கம் பதறுகிறது. பட்டம் விட்டவர்கள் எல்லோரும் மாஞ்சா போடவில்லை. போட்டவர்களை மற்றவர்கள் தடுக்கவும் இல்லை.

நாம் அந்த வழியில் போகக் கூடாது. கூட்டத்தின் மேல் விமானம் விடும் ஒருவர், பக்கத்து மாடியைப் படம் பிடிக்கும் ஒருவர், ரயில் பாதைக்கு மேல் சாகசம் காட்டும் ஒருவர் போதும், மொத்தப் பேருக்கும் மைதானம் மூடப்படும். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அன்றே பேசுங்கள். கேட்கவில்லையென்றால் அவரைச் சேர்க்காதீர்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதும் பறக்கும் கலையின் பகுதிதான். மைதானத்து ஓரத்தில் ஒரு பெரியவர் வந்து நிற்பார்.

“இன்னா தம்பி இது, ட்ரோனா? யாரைப் படம் புடிக்கிறே?”

“இல்லண்ணே, சின்ன ப்ளேனு. கேமரா இல்ல. ஸ்கூல்ல லெட்டர் வாங்கிருக்கோம். கிட்ட வந்து பாருங்கண்ணே.”

விமானத்தை அவர் கையில் கொடுங்கள். எடையைப் பார்த்ததும் அவர் முகம் மாறும். அடுத்த வாரம் அவர் பேரனோடு வருவார். கேமரா இல்லாத விமானம் என்பது இந்தப் பகுதியில் உங்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு. வீட்டுக்கு வீடு ஒட்டிய இடத்தில் மாடியில் துணி உலர்த்தும் பெண்களுக்கு, மேலே சுற்றுவது தங்களைப் பார்க்கிறதோ என்ற எண்ணமே வரக் கூடாது.

யாரோடு சேர்ந்து

தனியாகக் கற்றுக்கொண்டவர் பெரும்பாலும் சில மாதத்தில் நிறுத்திவிடுகிறார். குழு வேண்டும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மிக நல்ல வாசல் என்.சி.சி. விமானப் பிரிவு. அங்கே மாடல் விமானம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் நிலை மாடல், கட்டுக்கம்பி விமானம், ரேடியோ விமானம் என்று போட்டி நடக்கிறது. உங்கள் பள்ளியில் தரைப்படைப் பிரிவு மட்டும் இருந்தால், விமானப் பிரிவுக்கு வழி உண்டா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பொறியியல் மாணவருக்கு எஸ்.ஏ.இ. இந்தியாவின் தென்மண்டல விமான வடிவமைப்புப் போட்டி இருக்கிறது. குறிப்பிட்ட பளுவைத் தூக்கும் விமானத்தைத் தாங்களே வடிவமைத்து, கணக்கு எழுதி, பறக்கவிட்டுக் காட்ட வேண்டும்.

1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே வளாகத்தின் தக்‌ஷா அணி, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்தபோது, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ விரைவு ட்ரோன் போட்டியில் உலக அணிகளோடு மோதி இரண்டாம் இடம் பெற்றது. அஜித் ட்ரோனுக்கு வருவதற்கு முன் ரேடியோ விமானமும் ஹெலிகாப்டரும் விட்டவர். விமானம் விடும் கை ட்ரோன் வேலைக்கு நேரடியாக உதவும் என்பதற்கு இது நல்ல சாட்சி. காற்றை உணர்வது, எடையை நினைப்பது, கருவி பழுதானாலும் பதறாமல் இறக்குவது எல்லாம் அங்கிருந்து வருவதுதான். 2022-ல் தமிழக அரசு ஆளில்லா வான்கலங்களுக்கென்று தனிக் கழகமே தொடங்கிவிட்டது. சுயஉதவிக் குழுப் பெண்கள் 15,000 குழுக்கள் வழியாக வயலில் மருந்து தெளிக்க ட்ரோன் இயக்கும் மத்தியத் திட்டமும் 2023-ல் வந்தது. 18 வயதானதும் பைலட் சான்றிதழ் வாங்க நினைக்கும் பிள்ளைக்கு இந்த மைதானத்து ஞாயிற்றுக்கிழமைகள் பெரிய முன்பணம். பெண் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைக்காமல் ரேடியோவைக் கையில் கொடுங்கள்.

குழு என்றால் பதிவு செய்த சங்கம் வேண்டும் என்று இல்லை. ஆறேழு பேர், ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பொறுப்பாளர், எழுதி வைத்த நாலு விதி போதும். பள்ளி மைதானம் கேட்கப் போகும்போது கடிதத்தில் இவை இருக்கட்டும்: எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை; ஒவ்வொரு விமானத்தின் எடை, 250 கிராமுக்குள் என்று தெளிவாக; கேமரா இல்லை என்ற உறுதி; டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த மைதானத்தின் அன்றைய நிறம், அச்சிட்ட தாளோடு; பொறுப்பாளரின் பெயரும் போன் எண்ணும்; பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு முறை இலவசமாகக் கற்றுத் தருவோம் என்ற வாக்கு. தலைமையாசிரியர் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார். கடிதத்தின் நகல் ஒன்றை அந்த எல்லைக் காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். மைதானத்துக்குப் போகும்போது அந்த நகலும், முதலுதவிப் பெட்டியும், பேட்டரி தீப்பிடித்தால் மூட ஒரு வாளி மணலும் கூடவே வர வேண்டும்.